கோட்டுப் போட்ட ஆவி

செத்துப்போனவர்களுக்கெல்லாம் திடீரென்று போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. அதுவும் ஒரே ஓர் இடத்தில்: மரச்சாமான் கடையின் மாடியில், செவ்வாய், வெள்ளி, காலை பத்திலிருந்து ஒன்று வரை. மற்ற நேரங்களில் ஆவிகளுக்கு வேறு வேலை போலிருக்கிறது.

அவர்களை வரவழைப்பவருக்கு ஒளிஞானி என்று பெயர். நீங்கள் கேமரா முன்னால் தனியாக உட்கார வேண்டியது. ஒளிஞானி 'தவ அறை'க்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அரைமணி நேரம் கழித்து உள்ளே 'கிர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். ஆத்மா இறங்கும் ஓசை என்று கூட்டம் கண்ணை மூடிக்கொள்ளும். நம் வீட்டு பிரிண்டரிலும் தினமும் இதே ஆத்மாதான் இறங்குகிறது, நாம்தான் கவனித்ததில்லை. வெளியே வரும் படத்தில் உங்கள் தோளுக்குப் பின்னால், புகைபோல, உங்கள் வீட்டுப் பெரியவர் நிற்பார்.

ஒரே ஒரு நிபந்தனை. இறந்தவரின் படத்தை மூன்று நாள் முன்பே வாட்ஸப்பில் அனுப்பிவிட வேண்டும். ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு, "ஆள் மாறி வேற ஆவி வந்துட்டா நீங்க பொறுப்பேத்துப்பீங்களா?" என்றாராம் ஞானி. கேட்டவர் வெட்கப்பட்டுப் படத்தை அனுப்பிவிட்டார்.

கூட்டம் படிக்கட்டில் வழிந்து, கீழே கடைக்குள் புகுந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களில் உட்கார்ந்திருந்தது. கடைக்காரரும் யாரையும் எழுப்பவில்லை. காத்திருந்து காத்திருந்து இரண்டு பேர் கட்டிலே வாங்கிவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை லிஃப்ட் மெக்கானிக்கின் அம்மா அங்கே போனார். மகனுக்கும், போட்டோ ஸ்டூடியோவில் படம் திருத்தும் பெண்ணுக்கும் கல்யாணம் முடிவாகியிருந்தது. மேலே போன கணவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று நினைத்தார். கணவர் வந்தார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"அவருக்குப் பிடிக்கலைம்மா," என்றார் ஒளிஞானி. "அந்தப் பொண்ணு வந்தா குடும்பம் குலையுமாம். ஒன்பது தடவை வந்து உட்காருங்க, மனசு இளகுதான்னு பார்ப்போம்."

அம்மா வீடு திரும்பியதும் கல்யாண மண்டபத்துக்குப் போன் செய்து, தேதி வேண்டாம் என்றார்.

மறுநாள் மெக்கானிக் அந்தப் படத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்து, பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அப்பாவுக்கு நம்ம கல்யாணம் பிடிக்கலையாம்."

அவள் படத்தை வாங்கி விளக்கடியில் பிடித்தாள். முதலில் உதடு துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய் அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா கோட்டுப் போட்டு நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

அவன் யோசித்தான். அப்பா முப்பது வருஷம் பேக்கரி அடுப்பு முன்னால் பனியனோடு நின்றவர். மகன் பள்ளிக்கூட விழாவுக்கே மேல்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மனிதர்.

"இது என் கோட்டு," என்றாள் அவள்.

உண்மை. அவர் இருந்த ஒரே படம் பாதியில் கிழிந்தது. போன வருஷம் அதைத்தான் இவன் இந்த ஸ்டூடியோவுக்கு எடுத்து வந்தான். அவள் கிழிசலை ஒட்டினாள், அடுப்பை அழித்தாள், பனியன்மேல் கம்ப்யூட்டரில் இருந்த கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டாள். அந்தக் கோட்டில் இரண்டாவது பட்டன் கிடையாது. மூன்றாவது பட்டனை நகல் எடுத்து அங்கே வைத்தாள். கீறலோடு சேர்த்து. ஊரில் பாதிப் பேர் அந்தக் கோட்டில்தான் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். சட்டம் போட்ட படத்தை வாங்கப் போனவன் மறுபடி மறுபடி எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்ததில் ஆரம்பித்ததுதான் இந்தக் கல்யாணம்.

அம்மா ஒளிஞானிக்கு அனுப்பியதும் அந்தப் படத்தைத்தான். இப்போது ஆவியும் அதே கோட்டில், அதே இரட்டைக் கீறலோடு நின்றது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. படத்தை இடவலமாக மாற்றிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் அம்மாவிடம் ஓடினார்கள்.

"அத்தை, மாமா கோட்டே போட்டதில்லையே?"

"மேல குளிரா இருக்கும். அங்க போய் வாங்கியிருப்பார்."

"ரெண்டு பட்டன்லயும் ஒரே கீறல் இருக்கு அத்தை."

"ஒரே கடையில வாங்கினா ஒரே மாதிரிதான் இருக்கும்."

மெக்கானிக் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவள் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சரி அத்தை. எங்க வீட்டுலயும் பெரியவங்க உண்டு. இறந்துபோன என் பெரியப்பா படத்தை அனுப்பறேன். ரெண்டு பெரியவங்களும் நேருக்கு நேர் பேசி முடிவு பண்ணட்டும். வேண்டாம்னா, நானே ஒதுங்கிக்கறேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இப்பதான் முறையாப் பேசறே. பெரிய விஷயத்தைப் பெரியவங்கதான் பேசணும்."

அவளுக்குப் பெரியப்பாவே கிடையாது என்பது அம்மாவுக்குத் தெரியாது. ஒளிஞானிக்குத் தெரிந்திருக்க வேண்டும். முக்காலமும் அறிந்தவர் ஆயிற்றே.

செவ்வாய்க்கிழமை மாடி நிறைந்திருந்தது. ஆவிகளே சம்பந்தம் பேசப் போகின்றன என்று செய்தி பரவி, சோபாவில் இருந்தவர்களும் மேலே ஏறி வந்துவிட்டார்கள். 'கிர்ர்ர்' ஓசை கேட்டது. இந்தத் தடவை ஒளிஞானி பெரிய படமாகவே கொண்டுவந்து சுவரில் மாட்டினார். நடுவே அம்மாவும் அவளும். பின்னால் ஒரு பக்கம் கோட்டுப் போட்ட மாமா. இன்னொரு பக்கம் மீசை வைத்த பெரியப்பா, பெரிய முகம், புகை மூட்டம்.

ஒளிஞானி கண்ணை மூடிக் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர் பேசறார்மா. 'இந்த ஆளோட சம்பந்தமா? முதல்ல அந்தக் கண்ணைப் பாரு'ங்கறார். சரியான திருட்டுக் கண்ணு. பொய்யும் பொறாமையும் பொங்கி வழியுது. இந்தக் கண்ணு இருக்கற வீடு உருப்படாது. ஏற்கெனவே மூணு குடும்பத்தைக் கெடுத்திருக்கு."

கூட்டம் 'த்சொ த்சொ' என்றது. அம்மா பெருமூச்சு விட்டார். "கேட்டியாம்மா? நான் என்ன பண்ணட்டும்?"

"ஒரு நிமிஷம் அத்தை." அவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து நாற்காலிமேல் வைத்துத் திருப்பினாள். திரையில் அதே பெரியப்பா, புகை இல்லாமல். "இவரை நான் சனிக்கிழமைதான் பெத்தேன். மீசை எங்க முதலாளியோடது." ஒரு தட்டு. மீசை மறைந்தது. "மூக்கு உங்க பையனோடது. பைக்கிலேருந்து விழுந்து வளைஞ்சது." மூக்கு போயிற்று. மெக்கானிக் தன்னையறியாமல் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "காது என்னோடது." காதும் போயிற்று. திரையில் இப்போது இரண்டு கண்கள் மட்டும். "இது யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க."

அம்மா குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார். இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். அம்மாவின் விரல் மெல்லத் தன் கன்னத்துக்குப் போனது. சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே மச்சம்.

"இது என் கண்ணு," என்றார்.

கூட்டம் சுவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது.

"சில சமயம் உயிரோட இருக்கறவங்க ஆத்மாவும்..." என்று ஒளிஞானி ஆரம்பித்தார்.

"திருட்டுக் கண்ணா?" என்றார் அம்மா. கோட்டும் பட்டனும் செய்யாததை அந்த ஒரு சொல் செய்துவிட்டது. "நான் கெடுத்தேனா? எந்த மூணு குடும்பம்? பேரைச் சொல்லு. மேல கேட்டுச் சொல்லு." சொல்லிக்கொண்டே நடந்தவர் தவ அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பாதி கடித்த பிஸ்கட். திரையில் அம்மாவின் கணவர் கோட்டோடு கத்தரித்து வைக்கப்பட்டிருந்தார். பக்கத்தில் வெள்ளிக்கிழமைக்கு வரவேண்டிய ஆவிகள் வரிசையாகக் காத்திருந்தன. கதவருகே எட்டிப் பார்த்தவர்கள் தங்கள் தங்கள் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். அடுத்த நிமிஷம் ஒளிஞானியைச் சுற்றி ஒரே இரைச்சல். பின்படிக்கட்டு வழியாக ஓடப் பார்த்தவர், விற்றுப்போன கட்டில் வழியை மறித்துக்கொண்டிருந்ததால் மாட்டிக்கொண்டார். பிறகு போலீஸ் வந்தது.

படியிறங்கும்போது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என் கண்ணை எதுக்குடி எடுத்தே?"

"எனக்குத் தெரிஞ்சதிலேயே அழகான கண்ணு அதுதான் அத்தை."

அம்மா தெருவுக்கு வந்ததும் மண்டபத்துக்குப் போன் செய்தார். அப்புறம், "அந்தக் கோட்டைக் கழட்டிடு," என்றார். "அவர் பனியனோடவே இருக்கட்டும். அடுப்பையும் திரும்ப வை."

பின்னால் இறங்கிவந்த ஒரு பெண்மணி அவள் தோளைத் தட்டினார். "ஏம்மா, மத்ததெல்லாம் பொய்யா இருக்கலாம். என் தம்பி படம் மட்டும் நிஜந்தானே?"

முகத்தைத் திருத்த எத்தனையோ மென்பொருள் வந்துவிட்டது. மூளைக்கு இன்னும் வரவில்லை. அந்த வேலையை அவரவர் சொந்தமாகத்தான் செய்துகொண்டாக வேண்டும்.