மஞ்சள் கண்ணும் பக்கத்து வீட்டுக்காரரும்

நோயில் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்களில் ஓர் இனம் உண்டு. ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்கள், அழுகிறவர்கள், சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர்கள் எல்லாம் வேறு இனம். அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்வது வைத்தியத்தோடு வருகிறவரை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நோயைக் கண்டுபிடித்துவிடுவார். நாற்காலியில் சாய்வதற்குள் மருந்தைச் சொல்லிவிடுவார். தேநீர் வருவதற்குள் அதே நோயிலிருந்து தாம் காப்பாற்றிய ஏழு பேரின் கதையையும் முடித்திருப்பார். உங்கள் தெருவில் எத்தனை பேர்?

பாம்பனுக்கு ஒருவரே போதுமானவராக இருந்தார். காதர் மைதீன். கொழும்பில் பதினெட்டு வருஷம் துணிக்கடை நடத்திவிட்டு வந்தவர். துணிக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்கவில்லை.

1957இல், பக்கத்து வீட்டுக் கருவாட்டு வியாபாரி சீனி முகம்மதுவுக்குக் கண் மஞ்சளானது. வலியில்லை, காய்ச்சலில்லை, உடம்பு மட்டும் ஓயாமல் அரித்தது. ராமநாதபுரத்து டாக்டர் பார்த்துவிட்டு, "வலியில்லாம மஞ்சள் ஏறுறது நல்லதில்ல. மதுரையில பூமிநாதன்னு ஒரு சர்ஜன், பித்தப்பை, பித்தக்குழாய்ப் புற்றைத்தான் ஆராய்ச்சி பண்றாரு. உடனே போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டோடு வீடு வந்ததும் காதர் மைதீன் விசாரிக்க வந்துவிட்டார். சீனி முகம்மதுவின் மனைவி உம்மு ஹபீபா கதவோரம் நின்று, அண்ணன் முறை வைத்துக் கேட்டார். "மதுரைக்குப் போகச் சொல்றாக காக்கா. கூட்டிட்டுப் போகட்டுமா?"

"கத்தி வச்சிருக்கிறவன்ட்ட போனா அறுக்காம என்ன செய்வான்? கொழும்புல இதே மாதிரி ஏழு பேரு! கீழாநெல்லிய அரைச்சு மோருல குடுங்க தங்கச்சி. நாப்பது நாள்ல எறங்கலேன்னா என்னையக் கேளுங்க."

இறங்கவில்லை. கேட்டார்கள். பத்தியம் சரியில்லை என்றார். அப்புறம் கையில் சூடு போட ஆள் கூட்டி வந்தார். சூடும் பலிக்காதபோது, வாலிநோக்கத்தில் ஒருவர் கண்ணில் சொட்டு விடுகிறார் என்றார். சொட்டு விட்டதில் கண்ணும் எரிந்தது. மூன்று மாதத்தில் சீனி முகம்மது பாதி ஆளாகிவிட்டார். உம்மு ஹபீபா ஒரு காலையில் யாரையும் கேட்காமல் கணவரை ரயிலேற்றினார்.

பூமிநாதன் வயிற்றைத் திறந்தார். பித்தக்குழாயை அடைத்த கட்டி ஈரல்வரை போயிருந்தது. எடுக்க முடியவில்லை. பித்தம் குடலுக்குப் போக வேறு வழி வைத்துத் தைத்து மூடினார்.

"முன்னாடியே வந்திருந்தா, டாக்டரய்யா?" என்றார் உம்மு ஹபீபா.

"எடுத்திருக்கலாம்மா. சத்தியமாச் சொல்ல முடியாது. ஆனா எடுத்துப் பாத்திருக்கலாம்."

மஞ்சள் இறங்கியது, அரிப்பு நின்றது. சீனி முகம்மது எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினார், மகள் நிக்காஹைப் பார்த்தார், மௌத்தாகி அடக்கமானார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமிநாதன் நோட்டுப் புத்தகத்தோடு பாம்பனில் வந்து இறங்கினார். அவருடைய ஆராய்ச்சி ஆபரேஷன் மேசையோடு முடிவதில்லை. ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் போய், கண் மஞ்சளான நாளுக்கும் கத்தி பட்ட நாளுக்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்பார். உம்மு ஹபீபா வாய் திறக்குமுன் காதர் மைதீன் முந்திக்கொண்டார்.

"தொண்ணூத்தேழு நாள், டாக்டர்! கத்தி படாம நாந்தான் பாத்துக்கிட்டேன்!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

"எம் பேரு புத்தகத்துல வருமா?"

"பேரு போடுற வழக்கமில்ல. 'தாமதத்துக்குக் காரணம்'னு ஒரு பத்தி இருக்கு. அதுல 'பக்கத்து வீட்டுக்காரர்'னு போடுவேன். உங்களோட இருபத்தாறு பேராச்சு."

காதர் மைதீனுக்குப் புரிந்ததா? மதுரை டாக்டர் தம்மிடம் யோசனை கேட்க ரயிலேறி வந்ததாக அந்த வாரம் முழுக்கக் கடைத்தெருவில் சொல்லித் திரிந்தார். கேட்டவர்களில் இரண்டு பேர் அங்கேயே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்கள்.

உம்மு ஹபீபா அதன்பின் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை.

சிரித்தீர்களா? நல்லது. பயந்துபோன ஒருத்தி உங்கள் முகத்தைப் பார்த்து, "என்ன செய்யட்டும்?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள்" என்று சொல்வீர்களா? கண்ணாடி முன்னால் நின்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தேன். "எனக்கு" மட்டும் சுலபமாக வந்தது.