திருமுகத்தைக் கடிப்பவர்

காசு கைக்கு வந்தால் பையில் போடுவது மனித சுபாவம். அப்படி நம்பி வாங்கினால் தலை வெடித்துவிடும் என்று நினைக்கும் பிறவிகளும் உண்டு. கடித்துப் பார்ப்பவர்கள்! லூக்கா நகரச் சந்தைக்கு வாருங்கள், இந்த இனத்தில் நன்றாகக் கொழுத்த ஒருவரைக் காட்டுகிறேன்: பட்டு வியாபாரி பால்தினோத்தோ.

எங்கள் வெள்ளிக் காசில் கிரீடம் தரித்த கர்த்தரின் திருமுகம் இருக்கிறதல்லவா? அதனால் மனுஷன் முதலில் பக்தியோடு முத்தமிடுவார். அதே வாயால் நறுக்கென்று கடிப்பார். கல்லில் தட்டி, காதருகே வைத்து, வெயிலில் திருப்பி, பக்கத்துக் கடை லூப்போவின் தராசைப் பிடுங்கி நிறுத்துவிட்டு, துக்கம் கேட்க வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

"இது வெள்ளியா? நம்ம ஊரு நாணயச்சாலையில செம்பைக் கொட்டிக் கலக்குறானுங்க. பன்னிரண்டு குடுத்தா பத்துன்னுதான் எடுத்துக்குவேன்."

"கர்த்தர் முகத்தையே கடிக்கிறீரே, பாவமில்லையா?" என்பான் லூப்போ.

"ஓரத்தைத்தான்யா கடிச்சேன்!"

இத்தனை பாடும் ஒரே மகள் பெல்லூச்சாவின் சீதனத்துக்காக. அவள் என்றால் அவருக்கு உயிர். கனமான காசு பெட்டிக்குப் போகும். தேய்ந்தது தேவாலய உண்டியலுக்கு. கர்த்தர் நிறுத்துப் பார்ப்பதில்லை.

நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளையைப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சாட்சிகள் முன்னால் சீதனக் காசு மேசைமேல் குவிந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒபிட்சோ ஒன்றை எடுத்தார். முத்தமிட்டார். நறுக்!

"சம்பந்தி, பன்னிரண்டைப் பத்தாத்தான் எடுத்துக்குவேன். நீங்க போட்ட கணக்குத்தானே? குறையுறதை வைங்க, இல்லேன்னா கல்யாணம் இல்லை."

"ஐயய்யோ, சுத்த வெள்ளிங்க! ஒவ்வொண்ணா நானே கடிச்சுப் பொறுக்கினது!"

சாட்சியாக வந்திருந்த லூப்போ எழுந்தான். "அப்படியா சேதி? அப்ப எங்கிட்ட பத்துன்னு எடுத்ததுக்கெல்லாம் மிச்சத்தைக் குடும்!"

"எனக்கும்!" என்று பின்னால் நான்கு குரல்கள்.

நல்ல காசு என்றால் ஊரே கழுத்தைப் பிடிக்கும். கெட்ட காசு என்றால் சம்பந்தி பிடிப்பார். திரும்பிப் பார்த்தார், பெல்லூச்சாவின் கண்கள் நிறைந்திருந்தன. பாவம், மனுஷன் உடைந்துபோனார்.

"மட்டக் காசுதான்" என்று முனகி, இடுப்புப் பையை அவிழ்த்துக் குறைந்ததை எண்ணி வைத்தார். அதையும் ஒபிட்சோ ஒன்றுவிடாமல் முத்தமிட்டுக் கடித்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இன்று காலை ரொட்டிக்காரியிடம் காசு நீட்டுமுன் அத்தனை நேரம் பையைத் துழாவினீர்களே, எந்தக் காசைத் தேடினீர்கள்?