தவணை ஐயாவின் கறுப்புக் கோட்டு

இந்தச் சம்பவங்கள் தொடங்கும் காலத்தில் நான் மாத்தளை நீதிமன்றத்தின் மூத்த சட்டத்தரணிகளுள் ஒருவன். சட்டத்தரணிகளின் உடை, ஒழுக்கம் பற்றிய முறைப்பாடுகள் என்னிடமே வரும். கொழும்பில் தைத்து, பட்டு உள்துணி வைத்த கறுப்புக் கோட்டு அணிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவனே. அதைவிட முக்கியமாக, நான் தவணை கேட்டு எந்த வழக்கையும் வேறு நாளுக்குத் தள்ளிப்போட்டவன் அல்லன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் நான் எழுதப் போவது தவணை ஐயாவைப் பற்றி.

தவணை ஐயா எடுத்த வழக்கு தீர்ப்பைக் கண்டதாக மாத்தளையிலிருந்து கலேவெல வரை எவரும் கேள்விப்பட்டதில்லை. அவருடைய சொந்தப் பெயரை நீதிமன்றப் பதிவாளரே மறந்திருந்தார். ஆனால் தோற்கப் போகிறவர்கள் அனைவரும் அவரைத்தான் தேடினார்கள். முடியாத வழக்கில் எவரும் தோற்பதில்லை அல்லவா?

அவருடைய வித்தை எளிமையானது. கறுப்புக் கோட்டு அணியாத சட்டத்தரணி நீதிபதியின் கண்ணுக்குப் புலப்படமாட்டார் என்பது எங்கள் தொழிலின் பழைய மரபு. அப்போதிருந்த நீதிபதி மரபில் ஓர் இழை பிசகாதவர். வழக்குக்கு ஆயத்தம் இல்லாத நாட்களில் தவணை ஐயா கோட்டைத் தேத்தண்ணிக் கடையில் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக நீதிபதியின் முன்னால் பணிவோடு நிற்பார்.

"பிரதிவாதிக்குச் சட்டத்தரணி இல்லையா?" என்று நீதிபதி சிங்களத்தில் கேட்பார்.

தவணை ஐயா தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்.

"சட்டத்தரணி எவரையும் நான் காணவில்லை. தவணை."

கடைவீதி முதலாளி ஒருவர் தம் கட்டடத்தில் வாடகைக்கு இருந்த ஒருவரை எழுப்பி வெளியேற்ற வழக்குப் போட்டிருந்தார். எழும்ப மறுத்தவருக்காக ஆஜரானவர் தவணை ஐயா. முதலாளி ஒருநாள் வாசலில் அவரை மறித்தார்.

"என்ன சேர், கோட்டு எங்க?"

"வெளுக்கப் போட்டிருக்கேன் முதலாளி."

"போன தவணையும் வெளுக்கத்தானே போட்டீங்க? எவ்வளவு வெளுத்தும் ஒங்கட கோட்டு கறுப்பாத்தானே ஈக்குது?"

நான் தவணை ஐயாவைச் சட்டத்தரணிகள் அறைக்கு அழைத்துத் தொழிலின் கௌரவம் பற்றி நீண்ட நேரம் எடுத்துரைத்தேன். முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிங்க ஐயா. ஆனா கோட்டைப் போட்டுக்கிட்டுப் பொய் சொல்றதைவிட, போடாம சும்மா நிக்கிறது யோக்கியம் இல்லீங்களா?"

பதில் சொல்வது என் தகுதிக்குப் பொருந்தாது.

பிறகு தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. தவணை ஐயாவின் வாடகை வீடு எரிந்தது. சட்டப் புத்தகங்களும் கோட்டும் அதோடு போயின. தொடர்ந்து பொலிஸார் தேயிலைத் தோட்டத்துப் பையன்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்காக ஆஜராகும்படி கேட்டபோது, எங்கள் சட்டத்தரணிகள் பலருக்கும் ஒரே வாரத்தில் சுகவீனம் கண்டது. சட்டத்துறை வரலாற்றில் அது ஓர் அபூர்வமான தொற்று.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"கடையில மண்ணெண்ண வாங்கிட்டு வந்தான் என் மகன். விளக்குக்குத்தாங்க. நாங்க குடியிருக்கிற லயத்தயே கொளுத்த வந்தான்னு புடிச்சிட்டாங்க."

பொலிஸார் அன்று தவணை கேட்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தவணை கிடைத்தால் பையனைத் தெற்கே தடுப்பு முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றப்பட்டவர்களிடமிருந்து செய்தி வந்ததில்லை.

"நான் பேசுறேன் ஆத்தா," என்றார் தவணை ஐயா. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "யாராச்சும் ஒரு கோட்டு குடுங்க. பேசி முடிச்சதும் தந்துடுறேன்."

அறையில் இருந்தவர்கள் தத்தம் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டார்கள். நான் ஜன்னலருகே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கு அழைக்கப்பட்டது. முழங்கால்வரை தொங்கும் கோட்டுக்குள்ளிருந்து தவணை ஐயா எழுந்தார். விரல் நுனிகள் மட்டுமே வெளியே தெரிந்தன. மடித்துவிட்ட கைமுனைகளில் பட்டு மின்னியது. நீதிபதி அவரை நீண்ட நேரம் பார்த்தார். காணவில்லை என்று சொல்ல வழியில்லை.

பொலிஸ் அதிகாரி தவணை கேட்டார்.

"ஆட்சேபிக்கிறேன்," என்றார் தவணை ஐயா. "தவணை என்பது நீதிக்குச் செய்யும் துரோகம்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்த உண்மையைச் சட்டத்தரணி எப்போது கண்டறிந்தார்?"

"பல வருட ஆராய்ச்சியின் முடிவு, கனம் நீதிபதி அவர்களே."

சாட்சி இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். பையனுக்கு விளக்குக்கென மண்ணெண்ணெய் விற்றவர், தம் வழக்குக்காக அன்று வந்திருந்த அந்தக் கடைவீதி முதலாளிதான். சாட்சிக் கூண்டில் ஏறும்போது தவணை ஐயாவிடம் மெல்லச் சொன்னார்: "சேர், இந்தக் கேஸாவது இண்டைக்கே முடியட்டும்."

முடிந்தது. பையன் தாயோடு வீட்டுக்குப் போனான். தவணை ஐயா முடித்த வழக்கு அது ஒன்றுதான். மறுவாரமே பழைய தொழிலுக்குத் திரும்பினார். முதலாளியின் வழக்கு அவர் காலத்திற்குப் பிறகும் நடந்தது.

அன்று நான் என் கோட்டைக் கழற்றி அவருக்குக் கொடுத்தேன் என்று மாத்தளையில் இன்னமும் சொல்கிறார்கள். அது தவறு. பத்திரிகை வாசிக்கும்போது கோட்டைக் கதிரையில் மாட்டுவது என் வழக்கம். அவர் எடுத்தார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் திருப்பித் தரவில்லை, நான் கேட்கவுமில்லை.

அடுத்து அழைக்கப்பட்டது என் வழக்கு. அதற்கு நான் தவணை கேட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. அதுவும் தவறு. நான் எழுந்து நின்றேன். நீதிபதி என்னைக் காணவில்லை.