பேங்க் அம்மா வைத்திருந்த போன்

ஒருத்தன் தன் சொந்தப் போனைத் தன் சொந்தப் பெண்டாட்டிக்கே விற்க முடியுமா? முடியும். நான் விற்றேன். அந்தப் பெருமையில் முழுசாக இருபது நிமிஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அதாவது, கடையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும்.

என் பெயர் ராஜமாணிக்கம். பெயரில் ராஜா இருக்கிறார், மாணிக்கம் இருக்கிறது. பையில் ரயில் சீசன் டிக்கெட் மட்டும் இருக்கிறது. கோலார் பக்கம் ஊரிகம் ஸ்டேஷனில் விடிகிறதுக்கு முன்னால் வண்டியேறி, பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவன். என் மனைவி பெயர் பூங்காவனம். பெயரைக் கேட்டுவிட்டு யாரும் காற்று வாங்க வந்துவிட வேண்டாம். வாங்கிக்கொள்ள வேறு நிறைய இருக்கிறது.

பூங்காவனம் முன்னறையில் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறாள். டிசைன் எல்லாம் வாட்ஸப்பில் வரும். கழுத்து எப்படி, கை எப்படி, முதுகில் எத்தனை முடிச்சு, எல்லாம் படமாக வரும். தைத்ததை இவள் படமெடுத்து அனுப்புவாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள். அந்தப் போன்தான் போன மாதம் கிரைண்டரில் போனது.

பங்காருபேட்டையில் இருக்கும் தங்கச்சிக்கு வீடியோ காலில் மாவு பதம் காட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் கிட்டக்க காட்டுக்கா" என்றாள் தங்கச்சி. காட்டினாள். உளுந்தில் உளுந்தது போன். நாலு சுற்று சுற்றிய பிறகுதான் கிரைண்டரை நிறுத்தினாள். எடுத்துப் பார்த்தால் பதம் பிரமாதம். உயிர்தான் இல்லை.

நாலு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, போன் இல்லாம ஒரு ஆர்டர் வரல. கல்யாண சீசன் வேற. ராபர்ட்சன்பேட்டை பாபு கடையில செகண்ட் ஹேண்ட் போன் நல்லா கீதாம். இந்தாங்க, நான் சீட்டு எடுத்த காசு, பன்னெண்டாயிரம். பாத்து வாங்கினு வாங்க."

"நீயும் வாயேன்."

"நான் வந்து இன்னா பண்ணப்போறேன்? எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் விவரமானவரு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக என்னை விவரமானவர் என்றாள். நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மீசையைத் தடவினேன்.

செல் வாங்கச் செல் என்றாள். சென்றேன். போகிற வழியில்தான் அந்த யோசனை வந்தது. என் போனுக்கு மூன்று வயது. ரயில் பங்காருபேட்டை தாண்டுவதற்குள் பேட்டரி பாதியாகிவிடும். ஒயிட்ஃபீல்டு வந்தால் கண்ணை மூடிவிடும். பக்கத்து சீட்டுக்காரன் பார்க்கிற சீரியலை எட்டிப் பார்த்தே எனக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. இந்தப் போனையே துடைத்து, தூக்கி, பெட்டியில் போட்டு, 'செகண்ட் ஹேண்ட்' என்று அவளிடம் கொடுத்துவிட்டால்? அவள் காசில் எனக்கு ஒரு நல்ல போன் வந்துவிடும்! பொய்யும் இல்லை. என் கை முதல் கை. அவள் கை இரண்டாம் கை. செகண்ட் ஹேண்ட்தானே?

பாபு கடையில் கூட்டமில்லை. என் போனைக் கண்ணாடி மேல் வைத்தேன்.

"பாபு, இத புதுப்பொண்ணு மாதிரி ஜோடிச்சுக் குடு."

"யாருக்குண்ணா?"

"வூட்டுக்கு."

"இது உங்க போனாச்சேண்ணா?"

"இன்னிக்கு காலைல வரைக்கும்."

பாபு என்னையே பார்த்தான். சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. இருமிக்கொண்டான். பிறகு என் போனில் இருந்ததை எல்லாம் அழித்தான். கீறல் விழுந்த கண்ணாடிக்கு மேல் புதுக் கண்ணாடி ஒட்டினான். ரோஸ் கலரில் பூப்போட்ட கவர் மாட்டினான். எங்கிருந்தோ ஒரு பெட்டி எடுத்து அதற்குள் படுக்க வைத்தான். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எனக்கே கொஞ்சம் ஆசையாக இருந்தது.

"இப்ப எனக்கு ஒண்ணு காட்டு."

நாலு போன் எடுத்துப் போட்டான். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சார்ஜர் ஓட்டை ஆடுகிறதா, கேமராவுக்குள் தூசி இருக்கிறதா, சிம் போடும் இடத்தில் தண்ணீர் பட்ட தடம் இருக்கிறதா, பில் உண்டா, பெட்டியிலும் போனிலும் ஒரே நம்பர்தானா, எல்லாம் பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோது இதில் பாதி பார்த்திருந்தால் என் கதையே வேறு.

நாலிலும் ஏதோ ஒரு குறை. பாபு தனியாக ஒரு டிராயரைத் திறந்து நீலக் கலரில் ஒன்றை எடுத்தான்.

"இது ஆறே மாசம் ஓடினதுண்ணா. பில்லு கீது, வாரண்டி கீது. கேமராவப் பாருங்க. துணிய வச்சு எடுத்தா நூலு நூலா தெரியும்."

"எனக்கு எதுக்குடா நூலு?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேண்ணா."

விலை பன்னிரண்டுக்கு மேல் நாலாயிரம். யோசித்தேன். பூங்காவனத்துக்குத் தெரியாமல் மூன்று மாத ஓவர்டைம் காசு என்னிடம் இருந்தது. வாழ்வது ஒரு வாழ்க்கை, அதில் தனக்கென்று வாங்கும்போது கஞ்சத்தனம் கூடாது என்றது மனசாட்சி. மற்ற நாளில் வாயே திறக்காத மனசாட்சி. கொடுத்துவிட்டேன். என் சிம்மை நீலத்தில் போட்டு, அதை, எங்கே போனாலும் தோளில் தொங்கும் டிபன் பைக்குள் துண்டு சுற்றி ஒளித்தேன். ரெண்டு நாள் கழித்து 'கம்பெனியில் கொடுத்தார்கள்' என்று வெளியே எடுப்பதாகத் திட்டம்.

வீட்டுக்கு வந்து ரோஸ் கவர் போனை நீட்டினேன். பூங்காவனம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"யாரு வச்சிருந்த போனு?"

"கோலார்ல ஒரு பேங்க் ஆபீசர் அம்மா. ஹூப்ளிக்கு டிரான்ஸ்பர் ஆகிப் போறாங்களாம். ரொம்ப சுத்தமா வச்சிருந்தாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாபு சொன்னான்."

"கலியாணம் ஆன அம்மாவா?"

"அத நான் எதுக்குக் கேக்கறேன்!"

அவள் ஒரு ஊசியை எடுத்து ஸ்பீக்கர் ஓட்டையை மெல்லச் சுரண்டினாள். உள்ளங்கையில் எதையோ தட்டினாள். முகர்ந்தாள்.

"இன்னாங்க இது, நிப்பட்டு தூளு?"

தட்டை மாதிரி இருக்கும் அந்த நிப்பட்டை ரயிலில் தினமும் ஒரு பொட்டலம் தின்கிறவன் நான்தான்.

"கோலார்ல எல்லாரும் நிப்பட்டு திம்பாங்க."

"பேங்க் அம்மாவுமா?"

"அவங்களுக்கும் பல்லு கீதில்ல!"

"கீது, கீது" என்று தலையாட்டினாள். தன் சிம்மை எடுத்துப் போட்டாள். "சரி, பேசினா கேக்குதான்னு பாக்கலாம்" என்று ஒரு நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள்.

டிபன் பை பாட ஆரம்பித்தது.

அவள் சோதனைக்கு அழைப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை. அழைத்தால் என்னைத்தான் அழைப்பாள் என்றும் யோசிக்கவில்லை. பை விடாமல் பாடியது. நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்தேன். பூங்காவனம் எழுந்து போய், பையைத் திறந்து, துண்டை விலக்கி, நீலத்தை வெளியே எடுத்தாள்.

"இன்னாங்க இது?"

"அது... கம்பெனி போனு. நேத்துதான் குடுத்தாங்க. ஸ்டாக் எல்லாம் இனிமே போன்லதான் பாக்கணுமாம்."

"அப்ப உங்க பழைய போனு?"

"அது... கம்பெனில வாங்கி வச்சுக்கினாங்க."

"மூணு வருஷம் ஓடின போன வாங்கினு, இத குடுத்தாங்களா? உங்க கம்பெனிக்காரங்க ரொம்ப நல்லவங்கங்க."

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. நீலத்தை முந்தானையால் துடைத்தாள்.

"கம்பெனிப் பொருளுங்க. ரயில்ல அந்தக் கூட்டத்துல எவனாவது அடிச்சுக்கினு போயிட்டா?"

"பத்திரமா வச்சுக்கறேன்."

"போன வருஷம் கொடையத் தொலைச்சீங்க, அதுக்கு மின்ன டிபன் பாக்ஸு. இது போச்சுன்னா சம்பளத்துல புடிப்பாங்க. இது வூட்லயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"ஸ்டாக்கு?"

"நீங்கதான் மனசுலயே வச்சிருப்பீங்களே. விவரமானவரு. இந்த பேங்க் அம்மா போன நீங்க எடுத்துக்கினு போங்க. தொலைஞ்சாலும் போவுது, அவங்க ஹூப்ளில இருந்து வந்து கேக்கவா போறாங்க?"

வாயைத் திறந்தேன். எந்த வார்த்தையைச் சொன்னாலும் ஒரு பொய் அவிழும். அது அவிழ்ந்தால் அடுத்தது அவிழும். கடைசியில் வேட்டிதான் மிஞ்சும், அதுவும் சந்தேகம். மூடிக்கொண்டேன். அவள் அங்கேயே ரெண்டு சிம்மையும் மாற்றினாள். சாயங்காலத்துக்குள் ஒரு பச்சை ப்ளவுஸைப் படமெடுத்து அனுப்பி, மூன்று ஆர்டர் வாங்கிவிட்டாள். படத்தை என்னிடமும் காட்டினாள். நிஜமாகவே நூலு நூலாகத் தெரிந்தது.

மறுநாள் முதல் ரோஸ் கவரில் பூப்போட்ட போனோடு ரயிலேறினேன். என் போன்தான். பதினாறாயிரம் கொடுத்து நானே வாங்கிய என் போன். பக்கத்து சீட்டுக்காரன் கவரைப் பார்த்தான், என் மீசையைப் பார்த்தான், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். வழக்கம்போல ஒயிட்ஃபீல்டில் அது கண்ணை மூடியது.

அடுத்த ஞாயிறு பாபு கடையில் போய் நின்றேன்.

"பாபு, அந்தப் போன் என் தலைலயே வந்து விழுந்துடுச்சிடா. பேட்டரியாவது மாத்திக் குடு."

அவன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தான். "வந்துடுச்சிண்ணா. அக்கா அப்பவே சொல்லிட்டாங்க. பாவம், ரயில்ல போறவரு, பேட்டரி நிக்கறதில்ல, மாத்திக் குடுன்னு."

எனக்குக் கொஞ்சம் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி.

"எப்படா சொன்னா? இந்த வாரமா?"

"இல்லண்ணா. நீங்க வர்றதுக்கு மொத நாளு. அந்த நீலப் போன டிராயர்ல எடுத்து வைக்கச் சொன்னப்பவே."

"என்னது?"

பாபு என் போனைக் கழற்ற ஆரம்பித்தான்.

"'விலை பதினாறாயிரமாச்சேக்கா'ன்னு கேட்டேண்ணா. 'எனக்குன்னா அவரு பன்னெண்டுக்கு மேல பைசா எடுக்க மாட்டாரு பாபு, தனக்குன்னு நெனச்சு வாங்க வுடு, எங்கேயிருந்தாவது போட்டுடுவாரு'ன்னாங்க."