சாம்பல் கோட்டும் சாலைக்கோட்டு மஞ்சளும்

என் வீட்டில் என் பேச்சு எடுபடாது என்று ஒரு வதந்தி உலவுகிறது. நம்பாதீர்கள். போன வாரம் குளிர்கால போட்டோவுக்கு யார் எந்த உடுப்பு போடுவது என்று முடிவு செய்தவன் நான்தான். எனக்கு, மனைவிக்கு, மகளுக்கு, எல்லாருக்கும் நானே. மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கிறவனுக்கு எங்கே உறைக்கிறது!

விஷயம் இதுதான். மனைவியின் அக்கா தன் வீட்டு ஹாலில் மாட்ட எங்கள் குடும்பப் படம் ஒன்று கேட்டிருந்தார். அந்த ஹாலில் ஏற்கெனவே அவர்கள் படம் தொங்குகிறது. அதில் என் சகலை கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, நாட்டையே ஆள்கிறவர் மாதிரி நிற்கிறார். அதற்குப் பக்கத்தில்தான் நான் தொங்கப்போகிறேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். காலத்துக்கும் பார்ப்பார்கள். இது மானப் பிரச்சினை இல்லையா?

அதே அக்கா போன குளிர்காலத்தில் தன் கையால் எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருந்தார். மஞ்சள். நான் பெயின்ட் கடையில் கலர் கலக்கிக் கொடுக்கிறவன். மஞ்சளில் எத்தனையோ ரகம் கலக்கியிருக்கிறேன். இந்த மஞ்சளைச் சாலை நடுவே கோடு போடுகிறவர்கள் மட்டும்தான் கேட்டு வாங்குவார்கள். வலது கை விரல் நுனி வரை வரும். இடது கை பாதி வழியிலேயே களைத்து நின்றுவிடும். கழுத்து வழியாகத் தலையை வெளியே கொண்டுவருவது ஏறக்குறைய மறுபிறவி.

"அக்கா கை வலியோட பின்னினாங்க. போட்டோல நீங்க அதைப் போட்டுக்கிட்டா அவங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்" என்றாள் மனைவி.

மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனால் கறுப்புக் கோட்டு கண் முன்னால் வந்து நின்றது.

"உங்க அக்கா சந்தோஷப்படுவாங்க. அவங்க வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். இதோ பாரு, கலர் விஷயத்துல இந்த வீட்டுல நான் சொல்றதுதான் சட்டம்."

"சரிங்க."

"சரின்னா?"

"நாள் பூரா கலரோட கிடக்கறவர் நீங்க. எனக்கு என்ன தெரியும்? எல்லாருக்கும் நீங்களே எடுத்து வைங்க."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வசனத்தை நான் கேட்டதில்லை. உடனே அலமாரியைத் திறந்தேன்.

எனக்கு என் சாம்பல் கோட்டு. அருமையான கம்பளித் துணி. அதைப் போட்டால் என் தொப்பை தொப்பையாகத் தெரியாது, வசதியாகத் தெரியும். என் திட்டம் எளிமையானது. கோட்டை மீறி எதுவும் கண்ணில் படக்கூடாது. மனைவி ஒரு சிவப்புச் சால்வையைத் தொட்டாள். ரொம்பக் கத்துகிறது என்று திருப்பி வைத்தேன். மகள் பச்சைத் தொப்பியோடு வந்தாள். அதையும் பறிமுதல் செய்தேன். கடைசியில் மனைவிக்கு வெளிர் சாம்பல், மகளுக்கு அடர் சாம்பல் என்று தீர்ந்தது.

மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நாம போட்டோ எடுக்கப் போறோமா, மழையா பெய்யப் போறோமா?" என்றாள்.

"அப்பாவுக்குத் தெரியாததா? பேசாம போட்டுக்கோ" என்று மனைவி அவளை அடக்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பூங்காவுக்குப் போனோம். இலை உதிர்ந்த மரங்கள், உறைந்த குளம், வானம், எல்லாமே சாம்பல். குளிர் எலும்பைத் தேடி வந்தது. கோட்டின் பட்டன் பூட்ட வேண்டும் என்பதற்காக உள்ளே மெல்லிய சட்டை மட்டும் போட்டிருந்தேன். மானத்துக்கு முன்னால் குளிர் எம்மாத்திரம்? நடுவில் நின்றேன். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மகள். கை பாக்கெட்டில்.

போட்டோ எடுக்க வந்த பெண் சில படங்களை எடுத்துவிட்டு, கேமராவுக்குள் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என்னிடம் வந்து மிகவும் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சார், நீங்க பெயின்ட் தொழில்ல இருக்கீங்களாமே. ஒரு ரூம் முழுக்க சாம்பல் அடிச்சுட்டா, அதை எடுப்பா காட்ட என்ன செய்வீங்க?"

தொழில் தெரிந்தவனிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால் குளிராவது ஒன்றாவது! தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ரொம்ப சுலபம்மா. ஒரே ஒரு இடத்துல பளிச்சுனு வேற கலர் குடுக்கணும். ஓரத்துல இல்ல, நடுவுல. அதுவும் இருக்கறதிலேயே பெரிய பரப்பா பார்த்துக் குடுக்கணும். சின்ன இடத்துல குடுத்தா கறை பட்ட மாதிரி இருக்கும்."

"எந்தக் கலர் சார்?"

"சாம்பலுக்கு மஞ்சளை அடிச்சுக்க ஆளே கிடையாது."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயைக் கவனித்தேன். மூன்று பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். நடுவில் இருந்தது நான். பெரிய பரப்பும் நான்.

மனைவி பையைத் திறந்தாள். டீ பிளாஸ்க்கைச் சுற்றி அந்த மஞ்சள் ஸ்வெட்டர் இதமாக உட்கார்ந்திருந்தது.

"இவளுக்குப் போட்டா என்ன?" என்று மகளைக் காட்டினேன்.

"கறை மாதிரி இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. வேணாம்னா விடுங்க, கோட்டே இருக்கட்டும். தொட்டுப் பாருங்க, எப்படிச் சூடா இருக்கு."

தொட்டிருக்கக் கூடாது. என் பற்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. "குடு" என்றேன். வேறு வழி?

மகளும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து என் தலையை வெளியே எடுத்தார்கள். கழற்றிய கோட்டை மனைவி தன் தோளில் போட்டுக்கொண்டாள். என்னைவிட அவளுக்கு எடுப்பாக இருந்தது என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் படம் பிரமாதம். பொய் சொல்ல மாட்டேன். அத்தனை சாம்பலுக்கும் நடுவே நான் விளக்கு மாதிரி எரிந்தேன். செல்போனில் படத்தைப் பார்த்த அக்கா சந்தோஷத்தில் அழுதேவிட்டாராம். சகலை என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, மனைவியும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் கடைசியில் ஜெயித்தது என் கலர் ஞானம்தானே? அந்தத் தெம்போடு, போட்டோ எடுத்த பெண்ணிடம் பிரேம் போட்ட படத்தை வாங்கி வரப் போனேன்.

"பார்த்தியாம்மா, என் யோசனை எப்படி வேலை செஞ்சுது?" என்றேன்.

அந்தப் பெண் படத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ஆமா சார். மேடம் போன்லயே சொல்லிட்டாங்க, 'அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்க, மத்ததை அவரே பார்த்துப்பார்'னு."