இரண்டாவது வாய்க்குப் பாதி விலை

பிறரைத் திருத்துவதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதனிடம் காசைக் கொடுத்து எங்கும் அனுப்பக் கூடாது. அவன் காதில் எழுத்து விழும், பேச்சு விழாது. இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அந்த மனிதன் நான்தான்.

சில வருடங்களுக்கு முன்பு வரை மட்டக்களப்பில் ழகரத்துக்கு நான் ஒரு காவல்காரன். சம்பளம் என்னவோ பாடசாலையில் தமிழ் கற்பிப்பதற்குத்தான்; காவல் வேலையை ஊருக்கு இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் நடத்துநர் “வாளைச்சேனை, வாளைச்சேனை” என்று கூவினால், அவரை “வாழைச்சேனை” என்று சொல்லவைக்காமல் இறங்க மாட்டேன். ஒருநாள் வாசலுக்கு மீன் கொண்டுவந்தவரிடம் அது கெளுத்தியா கெழுத்தியா என்று வாதாடி முடிப்பதற்குள் மீன் நாறத் தொடங்கிவிட்டது. (அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கைப் பக்கமே வரவில்லை. வீட்டில் ஒரு மாதம் பருப்புக்கறிதான்.)

இந்த மகானுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அபிநயா அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இளையவன் துஷாந்தன் ஆறாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் மேல்வரிசைப் பல் உதட்டுக்கு வெளியே வந்து ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. இது யார் பக்கத்துச் சீதனம் என்று எனக்கும் என் மனைவி சுகந்திக்கும் தீராத வழக்கு. நான் சித்தாண்டியில் இருக்கும் அவளுடைய அண்ணனைக் காட்டுவேன். அவள் கண்ணாடியை எடுத்து என் கையில் தருவாள்.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணோடு வரும். நான் குடியிருப்பது சுகந்தியின் வீட்டில். சாப்பிடுவது கிரான் வயல் வட்டையில் விளையும் அவளுடைய நெல்லை. கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்தவை என் தமிழும் என் பல்லும் மட்டுமே. (இரண்டுமே அவளுக்குத் தேவைப்படவில்லை.) ஆகவே பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி போடுவது என்று முடிவானபோது, காசும் அந்த வயலில் இருந்துதான் வந்தது. ஒரு வருடக் குத்தகையை உறையில் போட்டு என்னிடம் தந்தாள்.

“புள்ளைகள்ற பல்லுக்குத்தான் இந்தக் காசு. வேற ஒண்டுக்கும் இல்ல. விளங்கிச்சா?”

“விளங்கிச்சா இல்ல, விளங்கிற்றா,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்வார்கள். பெயரைப் பதிந்துவிட்டு முறை வரும் வரை இருக்க வேண்டும். காத்திருப்பது சாதாரண மக்களுக்கு விதிக்கப்பட்டது என்பது அன்றைய என் எண்ணம். நகரில் ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையம் இருந்தது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, சுவர் முழுக்கச் சிரிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். இவ்வளவு பல்லை ஒன்றாகப் பார்த்தாலே பயம் வர வேண்டும். எனக்கு மரியாதை வந்தது. வாசலில் ஒரு பதாகை: ஒரே குடும்பத்தில் இருவர் என்றால் இரண்டாமவருக்குப் பாதி விலை. காத்தான்குடிப் புடவைக் கடைகளில் கூட எனக்கு இப்படிக் கிடைத்ததில்லை. உள்ளே பாய்ந்தேன்.

வரவேற்பு மேசையில் ஓர் இளம் பெண். பாவம், பொறுமைசாலி.

“சேர், சலுகை வேணுமெண்டா முழுக்காசும் முன்னுக்குக் கட்டணும். கட்டினா மறுகா மீலலிக்கப்படமாட்டாது.”

“என்ன சொன்னீங்க?”

நான் காசைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். “கட்டின பணம் மீலலிக்கப்படமாட்டாது சேர்.”

“மீ, ள, ளி. ளகரம் தங்கச்சி. நாக்க மடிச்சு மேல வையுங்க. எங்க, சொல்லுங்க பாப்பம்.”

“மீளலிக்க…”

“ரெண்டும் ளகரம்.”

“பணம் மீளளிக்கப்படமாட்டாது.”

“ஆ! கேக்கவே எவ்வளவு வடிவா இருக்கு!” என்று சொல்லி, உறையைப் பிரித்து முழுக்காசையும் மேசையில் வைத்தேன்.

கண்டியில் இருந்து மாதம் ஒருமுறை வரும் பெண் டொக்டர் ஒருவர்தான் கம்பி போடுவார். அவர் வரும் நாளில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அபிநயாவைப் பார்த்தார், சரி என்றார். துஷாந்தனின் வாயைத் திறந்து, எக்ஸ்ரேயையும் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“இவருக்கு இன்னும் பாற்பல் கிடக்கு. இப்ப போட ஏலாது. ரெண்டு வருஷம் போகட்டும், பாப்பம்.”

நேர்மையான டொக்டர். நேர்மையானவர்களால் எனக்கு எப்போதும் நட்டம்தான். வரவேற்பு மேசைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொல்லிக் கையை நீட்டினேன். அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

“பணம் மீளளிக்கப்படமாட்டாது சேர்.”

இரண்டு ளகரமும் மணி மாதிரி ஒலித்தன. என் ஆசிரிய வாழ்க்கையில் இவ்வளவு விரைவாகவும் திருத்தமாகவும் கற்றுக்கொண்ட மாணவி வேறில்லை.

“அப்ப தம்பிக்கு ரெண்டு வருஷத்தால வந்து போட்டா?”

“சலுகை இந்த மாசத்தோட முடியுது சேர். குடும்பத்தில வேற ஆருக்கும் எண்டா பதியலாம்.”

நான் அங்கேயே நின்று குடும்பத்தை யோசித்தேன். சுகந்திக்குப் பல் முத்துக் கோர்த்தது போல இருக்கும். காசு போய்விட்டது என்று அவளிடம் போய்ச் சொல்வதா? அதைவிட அந்த வயலிலேயே என்னைப் புதைத்துவிடலாம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாய்.

திரும்பவும் டொக்டரிடம் போனேன். “எனக்குப் போடலாமா?”

“வாயத் திறவுங்க.” திறந்தேன். விளக்கை இழுத்து வைத்து நீண்ட நேரம் பார்த்தார். “உண்மையச் சொன்னா, மூண்டு பேர்லயும் உங்களுக்குத்தான் முதல்ல போட்டிருக்கணும்.”

“அப்பா, அப்ப அம்மா சொன்னது சரிதானே?” என்றாள் அபிநயா. எங்கள் தீராத வழக்கு அந்த இடத்தில் தீர்ந்தது.

டொக்டர் தொடர்ந்தார். “உங்களுக்கு அண்ணத்துக்குக் குறுக்கால ஒரு கம்பியும் வரும். கொஞ்ச நாளைக்குப் பேச்சுச் சரியா வராது. என்ன வேலை செய்யிறீங்க?”

“தமிழ் ஆசிரியர்.”

கையில் இருந்த கருவியைக் கீழே வைத்தார். “யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“காசு கட்டியாச்சு,” என்றேன்.

அன்று அளவெடுத்தார்கள். அடுத்த வருகையில் பூட்டினார்கள். அதுவரை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. தமிழில் ழ, ள, ட, ண எல்லாம் நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டால்தான் பிறக்கும். இதை நான் கரும்பலகையில் படம் போட்டுக் கற்பித்திருக்கிறேன். சரியாக அந்த இடத்தில்தான் கம்பி. என் நாக்கு மேலே போகும், கம்பியில் முட்டும், அவமானப்பட்டுத் திரும்பும்.

வீட்டுக்கு வந்தோம். சுகந்தி மகளின் வாயைப் பார்த்தாள். மகனின் வாயைப் பார்த்தாள். பிறகு என்னுடையதைப் பார்த்தாள்.

“புள்ளைக்குப் போடுற கம்பி உங்கட வாய்க்குள்ள என்னத்துக்கு?”

“காசு திருப்பித் தரமாத்தாங்க.”

“என்ன?”

“தர மாத்தாங்க!”

விளங்கிக்கொள்ள அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு ஒரு கிழமை அவள் என்னோடு பேசவில்லை. கஞ்சியை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். ஊருக்கு நான் வேறு கதை சொன்னேன்: தாடை மூட்டில் சிக்கல், விட்டால் ஆபத்து, டொக்டர் கட்டாயம் என்றார். எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். நானும் ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டே திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாடசாலைகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி வந்தது. வருடா வருடம் தலைமை நடுவர் நான். மூளை உள்ளவன் என்றால் உடம்புக்கு வருத்தம் என்று சொல்லி ஒதுங்கியிருப்பான். நான் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்து, மெதுவாகப் பேசினால் ஒருவருக்கும் தெரியாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ழகரம் இல்லாத நடுவர் உரை என்பது வேட்டி இல்லாத மாப்பிள்ளை போல என்று என் எண்ணம்.

வாவிக்கரையில் ஒரு மண்டபம். கூட்டம் அதிகம் என்று வெளியிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சுகந்தியும் பிள்ளைகளும் நடுவரிசையில். கீழ்ப்பிரிவுப் போட்டியில் காத்தான்குடியில் இருந்து வந்த ஒரு சிறுமி, பெயர் சஹ்லா, மழையைப் பற்றிப் பேசினாள். முன்பல் இரண்டும் விழுந்து, அந்த வாசலால் நாக்கு எட்டி எட்டிப் பார்த்தது. மற்றப் பிள்ளைகள் பெற்றோர் எழுதிக்கொடுத்த மூவேந்தர் பெருமையை முழங்க, அவள் ஒருத்திதான் தங்கள் வீட்டு முற்றத்தில் வெள்ளம் வந்து தன் ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோன கதையைச் சொன்னாள். நல்ல பேச்சு. ஆனால் மழையை “மளை” என்றாள். இரக்கமே இல்லாமல் புள்ளியை வெட்டினேன். (என் வாயில் அப்போது ஒரு ழகரம்கூட இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.)

பிறகு என்னை உரையாற்ற அழைத்தார்கள். வருடா வருடம் சொல்லும் அதே முதல் வசனத்தைக் கம்பீரமாகத் தொடங்கினேன்.

“தமியைப் பியையறப் பேசுவதே தமியனுக்கு அயகு!”

முன்வரிசையில் இருந்து சஹ்லாவின் குரல், உண்மையான கவலையோடு:

“உம்மா, அந்த சேருக்கும் பல்லு விழுந்திட்டு!”

சிரிப்பு தகரக் கூரையில் மழை விழுந்தது போல வந்தது. அந்த இடத்தில் நன்றி சொல்லி உட்கார்ந்திருக்கலாம். நான்தான் பெரிய ஆள் ஆயிற்றே! பிழை மைக்கில் என்று முடிவு செய்தேன். அதைத் தட்டிப் பார்த்து, வாயோடு நெருக்கிப் பிடித்து, மாணவரைச் சோதிக்க நானே கட்டிய வசனத்தை உரத்துச் சொல்லி என் ழகரத்தை நிலைநாட்டத் துணிந்தேன். “வாழைச்சேனை மழையில் கோழி நுழைந்த குழியில் பழம் விழுந்தது.” இதுதான் வசனம். ஒலிபெருக்கியில் வந்தது இது:

“வாயைச்சேனை மயையில் கோயி நுயைந்த குயியில் பயம் வியுந்…”

முடிக்க முடியவில்லை. மைக்கின் பஞ்சு உறை என் பல் கம்பியில் கொளுவிக்கொண்டது. தலையைப் பின்னால் இழுத்தேன். மைக்கும் கூட வந்தது. பக்கவாட்டில் இழுத்தேன், பஞ்சு இன்னும் இரண்டு பல்லில் சிக்கியது. “ங்ஆ, ங்ஆ” என்று நான் எழுப்பிய ஓசை மண்டபம் கடந்து, வீதி கடந்து, வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் வரை போனது.

ஒலிபெருக்கி கொண்டுவந்தவர் மேடைக்குப் பாய்ந்தார். என்னைக் காப்பாற்ற என்று நினைத்தேன். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“சேர், அசையாதீங்க! மைக்கு வாடகைக்கு எடுத்தது!”

அதற்குள் சுகந்தி கொண்டை ஊசியோடு மேடைக்கு வந்துவிட்டாள். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் என்னோடு வாய் திறந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் மைக் என் வாயில் இருந்தது. அவள் முகம் அதற்கு அரைச் சாண் தூரத்தில் இருந்தது.

“வாயத் திறவுங்க. இன்னும் திறவுங்க. என்ட வயல்ட ஒரு வருஷக் குத்தகை முழுக்க இந்த வாய்க்குள்ள கிடக்கு. பஞ்சையும் சேத்து முழுங்கிராதீங்க.”

“என்னக்கா, சேருக்குத் தாடை வருத்தமெண்டாங்களே?” என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

“என்ன வருத்தம்? ரெண்டாவது வாய்க்குப் பாதி விலையாம். மகனுக்குப் போட ஏலாதாம். காசு வீணாப் போயிருமெண்டு, தான் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறார்.”

ஒவ்வொரு சொல்லும் வெளியே கட்டிய ஒலிபெருக்கி வரை துல்லியமாகப் போனது. இரக்கப்பட்ட ஊர் முழுவதும் ஒரே நொடியில் இரக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது. மேடைக்குக் கீழே பாடசாலை அதிபர் ஒருவர் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்குவதைப் பார்த்தேன். செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் செத்தாலும் மைக்கோடுதான் எடுத்திருப்பார்கள்.

ஒருவழியாக ஊசியால் நெம்பி விடுவித்தாள். நான் பல்லிடுக்கில் பஞ்சுத் துண்டுகளோடு என் கதிரையில் போய் விழுந்தேன். பக்கத்தில் இருந்த நடுவர் சஹ்லாவின் புள்ளித்தாளை என் பக்கம் தள்ளினார். வெட்டியதைத் திரும்பப் போட்டேன். அவளுக்கு இரண்டாம் இடம். பரிசு வாங்க வந்தவள் என் முன்னால் நின்று, குனியச் சொல்லிக் கைகாட்டி, காதுக்குள் சொன்னாள்:

“எனக்கு ஒண்டு முளைக்குது சேர். உங்களுக்கும் முளைக்கும்.”

கம்பியோடு நான் இரண்டு வருடம் வாழ்ந்தேன். அபிநயாவின் பல் அழகாக வரிசைக்கு வந்தது. துஷாந்தனுக்குப் பாற்பல் விழுந்து, புதியவை ஒரு சதமும் செலவில்லாமல் தாமாகவே நேராக முளைத்தன. இன்று எங்கள் குடும்பத்திலேயே மிக ஒழுங்கான பல்வரிசை ஐம்பதைத் தொட்ட என்னுடையதுதான். அதைப் பார்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கம்பி கழன்றதும் ழகரம் திரும்பி வந்தது. நடுவர் அழைப்புத்தான் திரும்பி வரவில்லை. வீட்டில் யாருடைய உச்சரிப்பையாவது திருத்த நான் வாயெடுத்தால் போதும், மூன்று பேரும் ஒரே குரலில் ஒலிபெருக்கிக்காரரின் அந்த வாடகை மைக்கு வசனத்தைச் சொல்வார்கள். சித்தாண்டி மைத்துனர் தொலைபேசியில் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்வதே அதைத்தான்.

சென்ற மாதம் ஏறாவூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். முன்பின் தெரியாத ஒருவர் கையில் பிரியாணிக் கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் மலர்ந்து கிட்ட வந்தார்.

“நீங்கதானே அந்த மைக்குச் சேர்?”

அது மைக்கு இல்லை, ஒலிவாங்கி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் இருந்து சுகந்தியின் கை என் தோளில் விழுந்தது.

“அசையாதீங்க,” என்றாள்.