பதினான்காம் பக்கத்து மூன்றாவது சொல்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் மகளும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நடந்ததற்கு முதலில் விளக்கம் சொல்லிவிடுகிறேன். "உங்க பொண்ணுக்காகத்தான் கேக்குறேன், கையேடு அனுப்பணும்" என்றேன். தங்கள் காதில் அது "கையோட அனுப்பணும்" என்று விழுந்திருக்கிறது. ஆறு மாதக் கர்ப்பிணியை, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பெண்ணை, கையோடு அனுப்புகிறேன் என்கிறீர்களே, நீங்கள் மனுசனா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம். அவளை அனுப்பும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை.

விஷயம் இதுதான். மகன் கப்பலில் இருக்கிறான், வர இன்னும் மூன்று மாதம் ஆகும். என் மனைவி காலமான பிறகு வீட்டில் நானும் தங்கள் மகளும்தான். சமைத்துப் போட ஓர் அம்மாள் வந்து போகிறார். அவர் கிளம்பிவிட்டால் எங்களுக்குள் பேச்சு என்பது "மாத்திரை போட்டாச்சாம்மா?", "ஆச்சு மாமா", அவ்வளவுதான். போன மாதம் அவளாகவே கூப்பிட்டு, அப்பா கொடுத்த சிடியில் டாஸ் காலத்துப் பழைய கம்ப்யூட்டர் கேம் ஒன்று இருக்கிறது, சின்ன வயதில் விளையாடியது, படுத்தே கிடப்பது போரடிக்கிறது, போட்டுத் தருவீர்களா என்று கேட்டாள். கல்யாணமாகி வந்த மூன்று ஆண்டுகளில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவனுக்கு ஒரு சிடி போடத் தெரியாதா என்று தலையாட்டிவிட்டேன். அதற்குத்தான் இன்றுவரை அனுபவிக்கிறேன்.

மடிக்கணினியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், சிடியை நுழைக்க வாயே இல்லை; கம்ப்யூட்டர் கடைக்காரர் இப்பல்லாம் வாய் வைக்கிறதில்ல சார் என்று தனியாக ஒரு வாயைக் கொடுத்தார், அதை ஒயரில் மாட்டிச் சிடியைப் போட்டால் இந்தக் கணினியில் இது இயங்காது என்று ஒரே வரியில் பதில்; மறுபடி கடைக்குப் போனால், கணினி புதுசு, கேம் பழசு, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, டாஸ்பாக்ஸ் என்று ஒன்றைப் போட்டால் அது புதுசுக்குள்ளேயே பழைய கணினி மாதிரி நடிக்கும் என்றார்; போட்டேன், கறுப்புத் திரையில் ஒரே ஓர் எழுத்தும் கண் சிமிட்டும் கோடும் வந்தன, அது என்னைப் பார்க்க நான் அதைப் பார்க்க அரைநாள் போயிற்று; கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை ஓர் இடைவெளி விடாமல் தட்டியதற்குத் தப்பான கட்டளை என்று திட்டு வாங்கினேன்; ஒருவழியாகக் கேம் எழுந்து உன் ஒலி அட்டை எது என்று எட்டுப் பெயரைக் காட்டியது, எனக்கு அடுத்த வீட்டுக்காரர் பெயரே தெரியாது, குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டினேன், வீடே அதிர ஓர் ஊளை, தங்கள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, சிரிக்காதேம்மா, டாக்டர் அசையக் கூடாதுன்னிருக்கார் என்று நான் கெஞ்ச, நிறுத்தலாமென்று மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது; அதை மீட்க எந்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவது என்று தெரிந்துகொள்ளவே இரண்டு நாள்; அப்புறம் பார்த்தால் கேமில் வரும் குட்டி மனிதன் வெறிபிடித்தவன் போல ஓடி, நான் விசையைத் தொடுவதற்குள் குழியில் விழுந்து செத்துப்போகிறான், வேகத்தைக் குறைத்தால் என்னைப் போலவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

அவனையும் ஒரு பதத்துக்குக் கொண்டுவந்து, அவள் முதல் கட்டத்தை முடித்தாள். உடனே திரை நின்று, கேமோடு வந்த கையேட்டின் பதினான்காம் பக்கம், இரண்டாம் வரி, மூன்றாவது சொல் என்ன என்று கேட்கிறது. திருட்டுச் சிடியா என்று சோதிக்கிறதாம். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

ஒரு வாரமாகத் தோன்றிய சொல்லையெல்லாம் தட்டிப் பார்த்து அதே இடத்தில் நிற்கிறோம். கட்டிலோரம் முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பு போய்விட்டது. தாங்கள் அந்தக் கையேட்டை அனுப்புங்கள், அல்லது கேமை மறந்துவிட்டு ஏதாவது புத்தகம் படி என்று மகளுக்கு எழுதுங்கள். தங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். என்னால் இனி முடியாது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் செவிகள் சீக்கிரம் சீர்பெற மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
களைத்துப்போன சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் தங்கள் மகளுக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கையேடு வேணாம் மாமா. அது கேக்குற வார்த்தை மொத்தமே ஆறுதான். ஆறும் எனக்கு மனப்பாடம்" என்றாள். பிறகு ஏனம்மா ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தா அன்னைக்கே கேம் ஓடியிருக்கும். நீங்க எந்திரிச்சு உங்க ரூமுக்குப் போயிருப்பீங்க."

முக்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கையேடு கிடைத்தாலும் அனுப்பிவிடாதீர்கள். வேறு பழைய சிடி இருந்தால் அனுப்பவும். லேசில் ஓடாததாகப் பார்த்து அனுப்பவும்.